டாக்டர் சொன்னதும் நான் சொன்னதும்

இதை எழுதச் சொன்னவள் என் மனைவி மகேஸ்வரி. எங்கள் தொழிற்சாலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்திருக்கும் பையன்களில் இரண்டு பேர் மனைவியையும் அழைத்து வந்திருக்கிறார்கள். அதில் ஒரு பெண்ணுக்கு இப்போது ஐந்தாம் மாதம். "அவங்களுக்காவது தெரியட்டும். ஆனா எழுதுனா முழுசா எழுதுங்க. இல்லாட்டி எழுதவே வேண்டாம்" என்றாள் மகேஸ். முழுசா என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னாள். அப்படிச் சொல்ல அவளுக்கு உரிமை உண்டு.

நான் ராஜபாளையத்துக்காரன். புக்கிட் தெங்காவில் மின்னணு உதிரிப்பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர். பினாங்குக்கு வந்து நான்கு வருடம். கல்யாணம் முடிந்து மகேஸ் வந்து இரண்டு வருடம். சிம்பாங் அம்பாட்டில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் ஏழாவது மாடி வீடு. மகேஸ் தமிழ் இலக்கியம் படித்தவள். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படித்துப் புரிந்துகொள்வாள். பேசுவதைக் கேட்டால், அதுவும் இந்த ஊர்க்காரர்கள் பேசும் வேகத்தில் கேட்டால், பாதிக்கு மேல் பிடிபடாது. அதனால் மருத்துவமனையில் டாக்டர் சொல்வதை அவளுக்கும், அவள் சொல்வதை டாக்டருக்கும் நான்தான் சொன்னேன்.

அவளுடைய முதல் கர்ப்பம் ஒன்பதாவது வாரத்தில் கலைந்துவிட்டது. அதற்குப் பிறகு பல மாதங்கள் அவள் சரியாகத் தூங்கவில்லை. அம்மா ஊரில், அக்கா ஊரில். பகலெல்லாம் வீட்டில் தனியாக இருந்தாள். இரண்டாவது முறை உண்டானபோது, பக்கத்து வீட்டு சேகர் அண்ணனின் மனைவிதான் பாலம் தாண்டித் தீவில், ஜார்ஜ் டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில் இருக்கும் சீன டாக்டர் அம்மாவிடம் போகச் சொன்னார். அவருடைய இரண்டு பிள்ளைகளும் அந்த டாக்டர் கையில்தான் பிறந்தன. நிறுவனம் தந்திருந்த காப்பீட்டில் பிரசவம் சேராது என்பது முதல் ஸ்கேனுக்குப் பணம் கட்டப் போன இடத்தில்தான் எனக்குத் தெரிந்தது. வருகிறவர்கள் இதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். குறைமாதக் குழந்தைக்கு ஆகும் செலவையும் தனியாகக் கேளுங்கள்.

முதல் ஸ்கேனில் இருதயம் துடிப்பதைக் காட்டினார்கள். இருபத்தொன்றாவது வாரத்தில் ஒரு நீண்ட ஸ்கேன். குழந்தையின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பது அது. இருதயத்தின் நான்கு அறைகள், முதுகெலும்பு, உதடு, விரல்கள் எல்லாவற்றையும் டாக்டர் எண்ணிச் சொல்ல, நான் அப்படியே தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். ஆணா பெண்ணா என்று தெரிய வேண்டுமா என்று டாக்டரே கேட்டார். ஊரில் கேட்கவே கூடாத கேள்வி. மகேஸ் திகைத்துப் போய் என்னைப் பார்த்தாள். பிறகு தலையசைத்தாள். பெண் என்று சொன்னதும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்கு நான் ஒரு வார்த்தைகூட விடவில்லை. நல்ல செய்தியை மொழிபெயர்ப்பது சுலபம்.

இருபத்தெட்டாவது வாரத்து ஸ்கேன் ஒரு புதன்கிழமை காலையில். எப்போதும் பேசிக்கொண்டே பார்க்கும் டாக்டர் அன்று பேசவில்லை. குழந்தையின் வயிற்றளவை மூன்று முறை எடுத்தார். பிறகு திரையில் சிவப்பும் நீலமுமாக ஏதோ ஓடியது. அதற்கு டாப்ளர் என்று பெயர். தொப்புள்கொடியில் இரத்தம் எப்படிப் போகிறது என்று பார்ப்பது. பார்த்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி நிதானமாகச் சொன்னார். தலை வாரத்துக்கு ஏற்ற அளவில் இருக்கிறது, வயிறு மூன்று வாரம் பின்தங்கியிருக்கிறது. நஞ்சுக்கொடி வழியாகப் போதுமான சத்து போகவில்லை. தாய் எவ்வளவு சாப்பிட்டாலும் இதை மாற்ற முடியாது, இது அவருடைய தவறும் இல்லை. தொப்புள்கொடியில் இரத்தம் போவதற்குத் தடை கூடிக்கொண்டு வருகிறது. இன்று அவசரமில்லை. அடுத்த புதன்கிழமை கட்டாயம் வர வேண்டும். அன்று பார்த்துவிட்டு, குழந்தை முன்கூட்டியே பிறக்க நேர்ந்தால் மூச்சு விட அதன் நுரையீரலைத் தயார் செய்யும் ஊசியைத் தாய்க்குப் போடலாமா என்று முடிவு செய்வார்.

ஒரு தாளையும் கொடுத்தார். கட்டம் போட்ட தாள். காலையிலிருந்து குழந்தை அசையும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போட வேண்டும். சாயங்காலத்துக்குள் பத்து வராவிட்டால் நேரே கிளம்பி வர வேண்டும். "போன் செய்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், வந்துவிடுங்கள். இதை அவருக்குத் தெளிவாகச் சொல்லுங்கள்" என்றார்.

நான் மகேஸிடம் திரும்பினேன். அவள் படுக்கையில் உட்கார்ந்து வயிற்றில் இருந்த பசையைத் துடைத்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பா கொஞ்சம் சின்னதா இருக்காம். நல்லா சாப்பிடச் சொல்றாங்க. மத்தபடி ஒண்ணுமில்ல" என்றேன்.

"அந்த செவப்பு, நீலமெல்லாம் எதுக்கு?"

"ரத்த ஓட்டம். எல்லாருக்கும் பாக்குறதுதானாம்."

அவளுக்குப் புரிந்ததா, ஏதாவது கேட்க வேண்டுமா என்று டாக்டர் கேட்டார். அதைக் கேட்பது போல அவள் பக்கம் திரும்பி, கிளம்பலாமா என்று கேட்டேன். மகேஸ் டாக்டரைப் பார்த்துச் சிரித்து, "தேங்க்யூ டாக்டர்" என்றாள். டாக்டரும் சிரித்தார். அவர்கள் இரண்டு பேரும் என்னை நம்பிச் சிரித்துக்கொண்ட அந்த ஒரு நிமிடத்தை நான் எத்தனை முறை நினைத்துப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அந்தத் தாளை மடித்து என் பைக்குள் வைத்தேன். அது என்ன என்று அவள் கேட்டதற்கு, காப்பீட்டுக்கான தாள் என்றேன்.

அவள் பயந்துவிடுவாள், பழையபடி தூங்காமல் கிடப்பாள் என்று நினைத்தேன். அது பொய்யில்லை. ஆனால் இன்னொன்றும் இருந்தது. அடுத்த வாரம் முழுவதும் எங்கள் தொழிற்சாலையில் வாடிக்கையாளர் தணிக்கை. வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், என் பிரிவுதான் முதலில். புதன்கிழமை விடுப்பு கேட்டால் மேலாளர் என்ன சொல்வார் என்று யோசித்தேன். மறுநாள் வேலையிடத்திலிருந்து மருத்துவமனைக்குப் போன் செய்து, அந்தச் சந்திப்பை அதற்கடுத்த வாரத்து வெள்ளிக்கிழமைக்கு மாற்றினேன். போனை எடுத்த பெண், டாக்டருக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும், சரி என்று சொன்னார் என்றேன். ஒரு வாரம் என்பது பதினாறு நாளாயிற்று.

அந்த நாட்களில் மகேஸ் சாப்பிட்ட சாப்பாட்டை நினைத்தால் இப்போதும் என்னால் தாங்க முடியவில்லை. நல்லா சாப்பிடச் சொன்னாங்க என்று நான்தானே சொன்னேன். பால், முட்டை, மீன், பேரீச்சம்பழம் என்று நேரம் வைத்துச் சாப்பிட்டாள். ஒரு நாள் குமட்டி எல்லாவற்றையும் வாந்தி எடுத்துவிட்டு, முகம் கழுவி வந்து மறுபடி தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். "முன்னாடியே ஒழுங்கா சாப்பிட்டிருந்தா பாப்பா சின்னதா போயிருக்காதுல்ல" என்றாள். டாக்டர் அவளுக்காகச் சொன்ன ஒரே ஆறுதல், அது அவள் தவறில்லை என்பது. அதையும் நான் என்னிடமே வைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுகூட நான் சொல்லவில்லை.

தணிக்கை வெள்ளிக்கிழமை முடிந்தது. எங்கள் பிரிவு தேறியது. சனிக்கிழமை மதியம் நான் வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மகேஸ் எதிரில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தவள், சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"ரெண்டு நாளா பாப்பா ரொம்ப அமைதியா இருக்குங்க. நேத்துக் காலைல ஒரு தடவ அசைஞ்சுச்சு. அப்புறம் இல்ல. நல்லா சாப்பிடுறேன்ல, வயிறு நெறஞ்சு தூங்குது போல."

நான் கை கழுவக்கூட இல்லை. எழுந்து ஓடிப் போய் சேகர் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் பட்டர்வொர்த் துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறவர், அன்று அவருக்கு ஓய்வு நாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. "காடி கீழதான் நிக்குது. தங்கச்சிய கூட்டிட்டு வா தம்பி" என்று சாவியை எடுத்துக்கொண்டார். காரை இங்கே காடி என்றுதான் சொல்வார்கள்.

சனிக்கிழமை மதியம் தீவுக்குப் போகும் கூட்டம் முழுவதும் பாலத்தின் மேல் நின்றது. கடல் நடுவில் வண்டி ஊர்ந்தது. எதற்கு இவ்வளவு அவசரம் என்று மகேஸ் கேட்டாள். சும்மா ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அந்த நேரத்தில்கூட என் வாயிலிருந்து வந்தது அதுதான். சேகர் அண்ணன் கண்ணாடி வழியாக என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு அவளிடம், "ஒண்ணும் ஆகாதுமா. ஜாம் இப்ப விட்டுரும் லா" என்று இந்த ஊர் லா போட்டுச் சொன்னார்.

மருத்துவமனையில் அவள் வயிற்றைச் சுற்றி இரண்டு பட்டைகளைக் கட்டினார்கள். ஒன்று குழந்தையின் இருதயத் துடிப்பைக் கேட்பது, மற்றது கருப்பை இறுகுவதைப் பார்ப்பது. துடிப்பு ஒரு தாளில் கோடாக ஓடும். நன்றாக இருக்கிற குழந்தைக்கு அந்தக் கோடு மேலும் கீழுமாக ஏறி இறங்கும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். எங்கள் பாப்பாவின் கோடு தட்டையாக ஓடியது. இடையிடையே பள்ளத்தில் விழுந்து மெதுவாக எழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த செவிலியர் வேகமாக வெளியே போனார்.

டாக்டர் வீட்டு உடையில் வந்தார். ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவில் கொடியில் இரத்தம் நின்று நின்று போகிறது, உடனே அறுவை செய்து எடுக்க வேண்டும் என்றார். நுரையீரலுக்கான ஊசியை இப்போது போட்டாலும் அது வேலை செய்ய ஒரு நாளாவது ஆகும், அவ்வளவு நேரம் இல்லை என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"புதன்கிழமை ஏன் வரவில்லை?"

வேலை இருந்தது என்றேன். கையெழுத்துப் போட வேண்டிய தாளை என் பக்கம் நகர்த்தினார்.

மகேஸை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது என் கையைப் பிடித்து, "என்ன சொல்றாங்க?" என்றாள். பாப்பாவை இப்போதே எடுக்கப் போகிறார்கள் என்று மட்டும் சொன்னேன். "முப்பது வாரம்கூட ஆகலயே" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கதவு மூடிக்கொண்டது.

பாப்பா பிறந்தபோது தொள்ளாயிரத்து எண்பது கிராம். அழவில்லை. மூச்சுக்குழாய் வைத்து, கண்ணாடிப் பெட்டியில் போட்டு, என்னைத் தாண்டிக் கொண்டு போனார்கள். குறைமாதக் குழந்தைகள் பிரிவில் அவளை நான் முதலில் பார்த்தபோது, என் உள்ளங்கை அகலத்தில் ஒரு மார்பு, அதற்குள் இயந்திரம் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது. அந்த ஊசியை இரண்டு நாள் முன்பு போட்டிருந்தால் இந்த இயந்திரம் தேவைப்பட்டிருக்காதா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, உதவியிருக்கும், எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். மறைக்காமல் சொன்னார். என்னால் அவரிடமிருந்து அதையாவது கற்றுக்கொண்டிருக்க முடியும். ஆனால் மகேஸ் மயக்கம் தெளிந்து கேட்டபோது, பாப்பா நன்றாக இருக்கிறாள், மூச்சுக்குக் கொஞ்சம் உதவி கொடுக்கிறார்கள் என்றுதான் சொன்னேன்.

மூன்றாம் நாள் காலையில் ராணி அக்கா வந்தார். அந்தப் பிரிவின் செவிலியர், பட்டர்வொர்த்காரர், தினமும் பெரி பிடித்து, அதாவது படகில் கடலைத் தாண்டி, வேலைக்கு வருகிறவர். தாய்ப்பாலைக் கருவி வைத்து எப்படி எடுப்பது என்று மகேஸுக்குச் சொல்லிக்கொடுத்தார். தமிழில் ஒருவர் தன்னிடம் நேராகப் பேசியதில் மகேஸின் முகமே மாறியது. அவர் கோப்பைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"அந்த சார்ட் கையில வச்சிருக்கியாமா? டாக்டர் கேக்குறாங்க. பைல்ல வைக்கணும்."

"என்ன சார்ட், அக்கா?"

"பிள்ள அசையிறத கோடு போடுற தாள். பத்து வரலன்னா ஒடனே வரச் சொன்னதா இங்க எழுதியிருக்கே."

மகேஸ் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ராணி அக்காவும் பார்த்தார். நான் பையைத் திறந்து அந்தத் தாளை எடுத்துக் கொடுத்தேன். அதில் ஒரு கோடுகூட இல்லை. ராணி அக்கா அதை வாங்கிக்கொண்டு, அப்புறம் வருகிறேன் என்று சொல்லி வெளியே போய்விட்டார்.

மகேஸ் கத்தவில்லை. அழவும் இல்லை. டாக்டர் அன்று என்ன சொன்னார் என்று முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். சொன்னேன். அது அவள் தவறில்லை என்று டாக்டர் சொன்னதைச் சொன்னபோதுதான் அவள் கண் நிறைந்தது.

"தெரிஞ்சிருந்தா வியாழக்கிழமையே சொல்லியிருப்பேங்க" என்றாள். "நான் பயந்துருவேன்னு நெனச்சீங்க. பயந்தா பயந்துட்டுப் போறேன். என் வயித்துல இருந்த புள்ளதான?"

அதன் பிறகு இரண்டு நாள் அவள் என்னிடம் பாலைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் தவிர எதுவும் பேசவில்லை. சேகர் அண்ணனின் மனைவி பூண்டும் மிளகும் போட்டுப் பத்தியக் குழம்பு வைத்துத் தினமும் அண்ணன் கையில் கொடுத்து அனுப்பினார், அல்லது அவரே வந்தார். மகேஸ் அவரிடம் நடந்ததைச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு நாள் நான் அறைக்குள் நுழையும்போது அவர், "பாவம்மா, உன் மேல உள்ள பாசத்துலதான மறைச்சிருக்காரு. வேற என்ன லா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அன்று மாலை மகேஸ் எனக்கும் ஒரு தட்டில் சோறு போட்டாள். "சரி விடுங்க. எனக்காகத்தான் செஞ்சீங்க" என்றாள்.

அதை அப்படியே வாங்கிக்கொண்டிருக்கலாம். தணிக்கைக்காகச் சந்திப்பை மாற்றியது அவளுக்குத் தெரியாது. தட்டைக் கீழே வைத்தேன். பிறகு தணிக்கையைப் பற்றிச் சொன்னேன். போன் செய்து சந்திப்பை மாற்றியதைச் சொன்னேன்.

"நீங்களே மாத்துனீங்களா?"

"ஆமா."

"டாக்டருக்குத் தெரியும்னு சொன்னீங்களா?"

"ஆமா."

அவள் பால் எடுக்கும் கருவியை மடியில் வைத்துக்கொண்டு அதன் குழாயைப் பொருத்தினாள். வெகு நேரம் பொருத்தினாள். "இனிமே எனக்கு ராணி அக்கா சொல்லட்டும். நீங்க வெளிய இருங்க" என்றாள்.

அப்படியே நடந்தது. டாக்டர்கள் வரும் நேரம் ராணி அக்காவுக்குப் பணி இருந்தால் அவர் சொல்வார். இல்லாவிட்டால் மகேஸ் டாக்டர் பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்து வைத்திருந்து பிறகு அவரிடம் கேட்பாள். ஒரு நோட்டில் எழுதுவாள். குழாய் வழியே பாப்பாவுக்குப் போகும் பால் இன்று எத்தனை மில்லி, எடை எவ்வளவு, மூச்சு எத்தனை முறை நின்றது என்று தமிழில் எழுதி வைத்தாள். குறைமாதக் குழந்தைகள் சில நேரம் மூச்சு விடவே மறந்துவிடுவார்கள். மணி அடிக்கும், செவிலியர் வந்து பாதத்தைத் தட்டுவார், மூச்சு திரும்பும். மகேஸ் நான்காம் வாரத்தில் தானே கையை உள்ளே விட்டுத் தட்டக் கற்றுக்கொண்டாள். மூச்சுக்குழாயை ஒன்பதாம் நாள் எடுத்துவிட்டு மூக்கில் காற்றுக்குழாய் வைத்தார்கள். பிறகு பாப்பாவைத் தாயின் வெறும் மார்பில் ஒட்ட வைத்துப் போர்த்திவிடுவார்கள். அந்தச் சூட்டில் குழந்தையின் மூச்சு சீராகும். மகேஸ் தினமும் மணிக்கணக்காக அப்படியே சாய்ந்திருப்பாள். நான் கண்ணாடிக்கு வெளியே நிற்பேன். மூன்றாம் வாரத்தில் ராணி அக்கா, அப்பாவும் வைத்துக்கொள்ளலாமே என்றார். மகேஸ் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையசைத்தாள். சட்டையைக் கழற்றி உட்கார்ந்தேன். என் மேல் பாப்பா இருப்பதே தெரியவில்லை, அவ்வளவு இலேசு. சுவாசம் மட்டும் பட்டது. நான் யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமோ அவள் இவள்தான் என்று அப்போதுதான் பட்டது.

இப்போது பாப்பாவுக்கு எட்டு மாதம். குப்புற விழுகிறாள், குரல் கேட்டால் திரும்புகிறாள். ஏழு வாரம் கழித்து அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். சேகர் அண்ணன்தான் வண்டி ஓட்டினார். நன்றாக முடிந்த கதை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் மகேஸ் முழுசா எழுதச் சொன்னதில் இன்னும் ஒன்று பாக்கியிருக்கிறது.

ஐந்தாம் வாரம் கண் பரிசோதனை நடந்தது. சீக்கிரம் பிறந்த குழந்தைகளுக்கு விழித்திரையின் இரத்தக்குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காது. பிறந்த பிறகு அவை தாறுமாறாக வளர்ந்தால் பார்வையே போகலாம். அதனால் கண் டாக்டர் வந்து பார்ப்பார். நான் வழக்கம் போல வெளியே நீல நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடி வழியாகத் தெரிந்தது. டாக்டர் பார்த்து முடித்துவிட்டு நிறைய நேரம் பேசினார். ராணி அக்கா மகேஸிடம் சொன்னார். மகேஸ் ஏதோ கேட்டாள். டாக்டர் ஒரு தாளில் வட்டம் போட்டு, வட்டத்துக்குள் கோடுகள் போட்டுக் காட்டினார். மகேஸ் மறுபடியும் கேட்டாள்.

வெளியே வந்து என்னிடம், "பரவால்லயாம். ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு தடவ பாக்கணுமாம்" என்றாள்.

அவ்வளவு நேரம் பேசியது இதற்கா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்க எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு சரி என்றேன். மகேஸ் அங்கேயே நின்று என்னைப் பார்த்தாள். பிறகு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இன்னும் இருக்கு. சொல்றேன், கேளுங்க" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். வலது கண்ணில் குழாய்கள் கொஞ்சம் தவறாக வளர ஆரம்பித்திருக்கின்றன. பெரும்பாலும் தானாகச் சரியாகும், ஆகாமலும் போகலாம். ஆகாவிட்டால் லேசர் வைக்க வேண்டும், அதைத் தள்ளிப்போடக் கூடாது. மூச்சு வாங்கக் கஷ்டப்பட்ட குழந்தைகளுக்கு இது கூடுதலாக வருமா என்று அவள் கேட்டிருக்கிறாள். வரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதையும் என் முகத்தைப் பார்த்தே சொன்னாள். குரலை ஏற்றவில்லை, இறக்கவில்லை. ஒரு வார்த்தையை விட்டுவிட்டதாக நினைவு வந்து, நிறுத்தி, திரும்பப் போய் அதையும் சேர்த்துச் சொன்னாள். நான் குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சொல்லி முடித்துவிட்டு, பால் எடுக்க நேரமாகிவிட்டது என்று எழுந்து உள்ளே போனாள். இரண்டு வாரம் கழித்து அந்தக் கண் தானாகவே தேறிவந்தது. என்னை மன்னித்துவிட்டாளா என்று மட்டும் நான் இன்று வரை அவளிடம் கேட்டதில்லை. கேட்டால் உள்ளது உள்ளபடி சொல்லிவிடுவாள்.